சாம்பல் வட்டத்துத் தொங்கட்டான்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில், சந்தூருக்குப் பக்கத்தில், என் பெரியப்பாவுக்கு ஒரு மாங்கொல்லை இருக்கிறது. அங்கே கிணற்றுக்குப் போகும் வண்டித்தடத்தின் ஓரமாக, ஆவணியில் கவாத்து செய்த குச்சிகளையும் சருகுகளையும் குவித்து எரித்திருந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்த இடத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டேன். சாம்பல் மழையில் கரைந்து செம்மண்ணோடு கலந்துவிட்டிருந்தது. தீ எதுவரை பரவியதோ அதுவரைக்கும், ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைப் படுக்க வைத்த அளவுக்கு, வட்டமாகப் பச்சை பிடித்திருந்தது. அது புல்லின் பச்சை அல்ல. அதைவிட இளையது, மஞ்சள் கலந்தது, தரையோடு தரையாக ஒட்டியது.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா வந்தார்.

"என்ன கண்ணு, எதையாவது தொலைத்துவிட்டாயா?"

"இல்லை பெரியப்பா, பாசியைப் பார்க்கிறேன்."

"பாசியா? கிணற்றடியில் போய்ப் பார். வேண்டிய மட்டும் இருக்கிறது. நேற்றுகூட உன் பெரியம்மா வழுக்கி விழப் பார்த்தாள்."

அவர் சொன்னது வேறு பாசி. துணி துவைக்கும் கல்லைச் சுற்றி வழவழப்பாகப் படர்ந்திருக்கும் அந்தப் பச்சைக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. அது ஆங்கிலத்தில் ஆல்கா எனப்படும் நீர்ப்பாசி. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆங்கிலத்தில் மாஸ் எனப்படும் தரைப்பாசி. அதற்கு இலை உண்டு, தண்டு உண்டு, காலம் வந்தால் காம்பும் வித்தும் உண்டு. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். இன்னும் சொல்லப் போனால், பிரியாணி மசாலாவில் போடும் கல்பாசி இந்த இரண்டில் எதுவுமே அல்ல. அது பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். கடல்பாசி கடலில் வளர்வது. சத்து மாத்திரையாக விற்கும் சுருள்பாசி ஒரு வகை நுண்ணுயிர். பாசிப்பயறும் பாசிமணியும்கூட இந்தச் சொல்லின் சுற்றத்தார்தான். பச்சை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு இத்தனையையும் ஒரே குடையின் கீழ் நிறுத்திய சொல் அது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் கோபம் இல்லை. ஆனால் உலகில் ஏறத்தாழ 12,000 வகை இருக்கும் ஒரு தாவரக் கூட்டத்துக்குத் தமிழில் தனியாக ஒரு வீட்டுப்பெயர் இல்லாதது வருத்தமாக இருக்கிறது. பெயர் இல்லாததை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். வேலை கிடைத்தது வேறு துறையில். ஆனாலும் அன்றைக்கு அந்த வட்டத்தின் முன் உட்கார்ந்தபோது, செய்முறை நோட்டில் பென்சிலால் வரைந்து பாகங்களைக் குறித்த ஒரு படம் அப்படியே கண் முன் வந்தது. ஃபியூனேரியா. எரிந்த மண்ணில் முதலில் குடியேறும் பாசி என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது. தீ எரிந்த இடத்தில் போட்டி போட வேறு செடி இருக்காது. சாம்பலில் உப்புச் சத்துகள் இருக்கும். காற்றில் வந்து விழும் வித்துத்தூள் அங்கே தடையில்லாமல் முளைக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். எரித்த இடம், எரித்த வடிவத்திலேயே பாசி. வேறு என்ன சான்று வேண்டும்?

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டை மண்ணோடு எடுத்து, செய்தித்தாளை மடித்துச் செய்த உறையில் வைத்தேன். மேலே எழுதினேன்: ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகா. இடம்: எரித்த சாம்பல் மண்.

பாசியை எடுத்து வைப்பது பற்றி இங்கே ஒரு வார்த்தை. பூச்செடியைப் போல அழுத்தி உலர்த்த வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் போடவே கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். காகித உறை போதும். உள்ளே அது தானாக உலர்ந்து சுருங்கும். எத்தனை மாதம் கழித்து எடுத்துத் தண்ணீர் தெளித்தாலும் இலை விரித்துத் தன் உருவத்தைக் காட்டும். நகம் அளவுக்கு மேல் எடுக்கத் தேவையே வராது. காட்டுப் பகுதியிலும் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் அதையும் எடுக்கக் கூடாது. உறையின் மேல் தேதி, ஊர், எந்த மண், வெயிலா நிழலா, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றெல்லாம் எழுத வேண்டும். பெயரைப் பிறகுகூட எழுதலாம். நான் அன்றைக்குப் பெயரை முதலில் எழுதினேன், இடத்தை அந்தப் பெயருக்கு ஏற்றபடி எழுதினேன். என்ன தவறு செய்தேன் என்று எனக்குப் புரிய இரண்டரை மாதம் ஆயிற்று.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், நகை வேலை செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். பாசி பார்க்க இதைவிட நல்ல கருவி வேண்டாம். கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது அந்தப் பச்சை விரிப்பு ஒரு தோப்பாக மாறிவிடும். ஒவ்வொரு செடியும் தனித்தனியே நிற்கும். உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. தண்டைச் சுற்றி முட்டை வடிவில், நுனி கூர்ந்த இலைகள். ஒவ்வோர் இலையின் நடுவிலும் ஒரு நரம்பு ஓடி, நுனியில் சிறு முள்ளாக முடியும். அந்த நரம்பை விட்டால் இலையின் கனம் ஒரே ஒரு செல்தான். அதனால்தான் தண்ணீர் பட்ட நொடியில் அதன் நிறம் மாறுகிறது. வேர் கிடையாது. பழுப்பு நிறத்தில் மெல்லிய வேரிழைகள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். தண்ணீரைப் பெரும்பாலும் இலையே குடிக்கிறது. மழை இருந்தால் உயிர்ப்பு, இல்லாவிட்டால் உறக்கம். கேணித் தண்ணீரையும் மோட்டாரையும் நம்பி வாழும் ஒரு மாவட்டத்தில், வானத்தை மட்டும் நம்பி வாழும் செடி அது.

கார்த்திகையில் மறுபடி போனேன். நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்திருந்தது. வட்டம் முழுவதும் சிவந்த நூல்கள் எழும்பியிருந்தன. பாசிக்குப் பூ இல்லை. இலைச்செடியின் நுனியில் ஆண் அணு, மழைநீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால், அங்கிருந்து ஒரு காம்பு எழும். அதன் நுனியில் வித்துத்தூள் நிறைந்த ஒரு குடுவை உருவாகும். அந்தக் காம்பும் குடுவையும் தனி ஓர் தலைமுறை. தாய்ச்செடியின் தலைமேல் நின்றபடியே, தாயிடமிருந்து நீரும் உணவும் வாங்கிக்கொண்டு வாழும் பிள்ளை. கார்த்திகையில் அந்தக் குடுவைகள் இன்னும் பருக்கவில்லை. ஊசி போல நிமிர்ந்து நின்றன. என் கண்ணுக்கு அவை எல்லாம் ஃபியூனேரியாவின் காம்புகள். எழுதி வைத்த பெயரை நான் சந்தேகப்படவில்லை.

அந்த முறை வேறொன்றையும் பார்த்தேன். வட்டத்துக்கு ஐந்தடி தள்ளி, டிராக்டர் திரும்பியதில் புல் பெயர்ந்துபோன வெறும் மண் கொஞ்சம் இருந்தது. நான்கு நாள் மழை அதைக் குதறியிருந்தது. சின்னச் சின்னச் சரளைக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு மண் தூணின் மேல், குடை பிடித்தது போல நின்றன. கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்தது, சுற்றிலும் இருந்தது துளித்துளியாகச் சிதறி ஓடிவிட்டது. கால் அங்குல உயரத் தூண்கள். அதாவது, அந்த நான்கு நாளில் கால் அங்குல மண் போய்விட்டது. பாசி வட்டத்துக்குள் அப்படி ஒரு தூண்கூட இல்லை. மழைத்துளி விழும் வேகத்தை அந்தக் குட்டி இலைகள் வாங்கிக்கொள்கின்றன, வேரிழைகள் மண்துகளை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். மண் அணைப்பதற்கும் வரப்பு போடுவதற்கும் வாழ்நாள் முழுவதும் உழைத்தவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது குடுவைகள் பருத்திருந்தன. எல்லாம் தலைகீழாகத் தொங்கின.

ஃபியூனேரியாவின் குடுவையை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேரிக்காய் வடிவம். ஆனால் ஒரு பக்கம் புடைத்து, கோணலாக வளைந்திருக்கும். வாயும் நேராக இராது, சாய்ந்திருக்கும். முற்றிக் காய்ந்தால் மேலே வரிவரியாகப் பள்ளம் விழும். அதன் பெயரின் பின்பகுதிக்கு ஈரத்தை அளப்பது என்று பொருள். காய்ந்த காம்பு கயிறு போல முறுக்கிக்கொள்ளும், வாயால் ஊதி ஈரம் காட்டினால் முறுக்கு அவிழ்ந்து சுழலும். பெயரின் முன்பகுதியே லத்தீனில் கயிறு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

நான் ஒரு காம்பின் மேல் ஊதினேன். மறுபடி ஊதினேன். அது சும்மா இருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கோணல் இல்லை, வரி இல்லை. காம்பு நேரே எழும்பி, உச்சியில் கொக்கி போலச் சட்டென்று வளைகிறது. அந்த வளைவிலிருந்து ஒரு கருஞ்சிவப்புக் குடுவை நேர் கீழ்நோக்கித் தொங்குகிறது. காம்பைத் தொடும் இடத்தில் குடுவையின் கழுத்து புடைத்து அகன்றிருக்கிறது, அதற்குக் கீழே உடல் ஒடுங்கி வருகிறது, அடியில் சின்னக் கூம்பாக மூடி. எங்கள் பாட்டியின் காதில் ஆடிய தொங்கட்டான் அப்படியே இருந்தது. வட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கில் தொங்கட்டான்கள். காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொன்றிலும் ஒரு பனித்துளி.

இது பிரையம் குடும்பம். தொங்கும் குடுவை அந்தக் குடும்பத்தின் பொது அடையாளம். அதிலும் கழுத்து உடலைவிட அகன்று, கருஞ்சிவப்பாக, தலைப்பாகை கட்டியது போல இருந்தால் அது பிரையம் கொரோனாட்டம். கொரோனாட்டம் என்றால் முடி சூடியது. வெப்ப நாடுகள் எங்கும் மிதிபட்ட மண்ணிலும், பாதையோரத்திலும், சுவரிலும், கூரையிலும் வளர்வது. இப்போது இதை ஜெம்மாபிரையம் என்ற வேறு பேரினத்தில் வைப்பவர்களும் உண்டு. கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் கொண்டுபோய் நுண்ணோக்கியில் காட்டினேன். இலைச் செல்களைப் பார்த்து, மூடி திறந்த ஒரு குடுவையின் வாயில் இரண்டு வரிசைப் பற்களைப் பார்த்து, அவளும் அதையே சொன்னாள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடுவை இல்லாத நாளில் வந்திருந்தால் இந்தப் பெயர் எனக்குக் கிடைத்திருக்காது. பிரையம் இனங்கள் இலையில் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். வெறும் இலையைப் பார்த்து இனப்பெயர் சொல்லத் துணிவதைவிட, பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஓர் உறவு இருப்பது பிறகு தெரிந்தது. ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகாவுக்கு அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் யோஹான் ஹெட்விக். 1730இல், இன்றைய ருமேனியாவில் இருக்கும் பிரசோவ் நகரில் பிறந்தவர். மருத்துவர், பிற்பாடு ஜெர்மனியின் லைப்சிக்கில் பேராசிரியர். பாசிகளுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தெளிவாக்கியவர். அவர் 1799இல் இறந்தார். பாசிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1801இல்தான் வெளிவந்தது. ஒரு குடும்பத்தைத் தவிர மற்றப் பாசிகளுக்கெல்லாம் அறிவியல் பெயர் வழங்குவது அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆசிரியர் போன பிறகு அந்தக் கையெழுத்துப் படியை அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மாணவர் ஷ்வேக்ரிக்கென். அதோடு நிற்காமல், அந்த நூலுக்குத் துணைத்தொகுதிகளைத் தாமே தொடர்ந்து எழுதினார். 1816இல் வெளிவந்த அப்படி ஒரு தொகுதியில்தான் பிரையம் கொரோனாட்டம் முதன்முதலில் பெயர் பெற்றது. ஆக, சந்தூர் மாங்கொல்லையில் நான் முதலில் எழுதியது ஆசிரியர் நிலைநிறுத்திய பெயர், அடித்துத் திருத்தி எழுதியது மாணவர் வைத்த பெயர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பெயர் மாறியதும் இடத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. ஃபியூனேரியா என்றால் எரிந்த மண் பொருத்தம். கொரோனாட்டத்துக்குத் தீ தேவையில்லை. அப்படியானால் அது ஏன் எரிந்த வட்டத்தில் மட்டும் வளர வேண்டும்?

பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வட்டத்தில் மட்டுமா? அந்தத் தடம் முழுக்க மழைக்காலத்தில் பாசம் பிடித்துத்தானே கிடக்கும். வண்டி போய்ப் போய் இறுகின மண். அதில் வேறென்ன முளைக்கும்? இப்போது புல் மூடிவிட்டது, அதனால் உனக்குத் தெரியவில்லை."

வட்டத்துக்கு வெளியே வண்டித்தடத்தின் மேல் குனிந்து, அருகம்புல்லைக் கையால் விலக்கினேன். அடியில் பாசி. இரண்டு முழம் தள்ளி விலக்கினேன். அங்கேயும். கிணற்று மேடு வரைக்கும், சக்கரம் பதிந்த இரண்டு கோடுகளிலும், புல்லின் அடியில், அதே முட்டை வடிவ இலைகள், அங்கங்கே அதே தொங்கட்டான்கள். தீ அந்தப் பாசியை வரவழைக்கவில்லை. மேலே இருந்த புல்லைக் கருக்கி வெளி உண்டாக்கியது. பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த பாசி அந்த வெளியில் பரவியது. எரிந்த இடத்தின் பாசி என்ற பெயரை மனதில் வைத்திருந்ததால், எரிந்த இடத்தை மட்டும் பார்த்தேன். ஐந்தடி தள்ளி மண் தூண்களைப் பார்க்கப் போனபோதும் அந்தத் தடத்தை மிதித்துக்கொண்டுதான் போனேன்.

அன்றைக்கு முழுவதும் கொல்லையைச் சுற்றி வந்தேன். பெயரை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, முதலில் இடம், பிறகு செடி என்று பார்த்தேன். ஒரே கொல்லைக்குள் இத்தனை ஊர்கள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

களத்தில் சிமெண்ட் போட்ட தரையின் விரிசல்களில் வெள்ளி நிறத்தில் ஒரு பாசி. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ விபூதி சிந்தியது போல இருக்கும். அது பிரையம் அர்ஜென்டியம். இலைகளின் மேல்பாதிச் செல்களில் பச்சையம் இல்லை, அதனால் அந்த வெள்ளி. ராகி காய வைக்கும் களத்து வெயிலையும் தாங்கும். அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. பேருந்து நிலையத்து நடைபாதையில், பள்ளிக்கூடச் சுவரோரத்தில், நீங்கள் வாழ்நாளில் ஆயிரம் முறை மிதித்திருப்பீர்கள்.

கிணறு பழைய கல்கட்டுக் கிணறு. கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களில் இன்னொன்று. காய்ந்த பகலில் அது கரும்பச்சைத் துணுக்குகளாக, ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும். ஒவ்வோர் இலையும் வெற்றிலைச் சுருள் மாதிரி இரு விளிம்பையும் உள்பக்கம் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீரை ஒரு கை தெளித்தேன். கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருள்கள் பிரிந்து, நாக்கு வடிவ இலைகளாக நட்சத்திரம் போல விரிந்தன. ஹயோஃபிலா இன்வொலூட்டா. பெயரே உள்சுருண்டது என்றுதான் சொல்கிறது. இதன் குடுவை தொங்காது, நிமிர்ந்து நிற்கும், வாயில் பற்களே கிடையாது. கல்லும் சாந்தும் இதன் வீடு.

மூன்றாவதைத் தேட எனக்குத் திசை உதவியது. கொல்லையின் நடுவே கிழக்கு மேற்காக ஓர் உயர்ந்த வரப்பு போகிறது. நம் பகுதியில் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் முதல் ஏப்ரல் கடைசி வாரம் வரைக்கும், ஏறக்குறைய எட்டு மாதம், நண்பகல் சூரியன் தலைக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். பாசி வளரும் மழைக்காலமும் பனிக்காலமும் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே வரப்பின் வடக்குச் சரிவு அந்த மாதங்களில் பெரும்பாலும் நிழலில் இருக்கும். தெற்குச் சரிவில் மண் வெடித்துக் கிடந்தது. வடக்குச் சரிவில், வேர் தொங்கும் ஒரு சிறு குடைவுக்குள், கோழி இறகின் சாயலில் தட்டையான பசுஞ்செடிகள். இலைகள் தண்டின் இருபக்கமும் இரண்டே வரிசையில், சீப்பின் பற்கள் போல. ஒவ்வோர் இலையின் அடியும் ஒரு சின்னப் பையாகப் பிளந்து தண்டைக் கவ்வியிருக்கிறது. இந்த அமைப்பு ஃபிஸிடென்ஸ் பேரினத்தைத் தவிர வேறெதற்கும் இல்லை. இனம் எது என்று சொல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும். உறையில் ஃபிஸிடென்ஸ் என்பதோடு நிறுத்தினேன்.

ஏரிக்குள்ளும் இறங்கினேன். தண்ணீர் வடிந்த சேற்று விளிம்பில், நாலணா அளவுக்கு ரோஜா இதழ் அடுக்கியது போலப் பச்சை வட்டங்கள். அது ரிக்சியா. பாசியின் உறவு, ஆனால் பாசி அல்ல. இலையும் தண்டும் பிரியாத தட்டை உடல். ஏரி காய்ந்ததும் மறைந்து, அடுத்த வருடம் நீர் வடியும்போது திரும்பி வருவது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சந்தூரில் ஒட்டுக்கன்று நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார். பதியம் போடும்போது கிளையில் ஈரமாகச் சுற்றிக் கட்டும் பாசியை இங்கேயே சேகரித்துக்கொள்ள முடியாதா என்று. முடியாது. அது ஸ்பேக்னம். குளிர்ந்த ஈர மலைகளின் சதுப்பில் வளர்வது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைச் செத்த செல்களுக்குள் தேக்கி வைப்பது. நம் தரைப்பாசிகளை வாரிக் கட்டினால் கன்றுக்கும் பயன் இல்லை, மண்ணுக்கும் நட்டம். அவர் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் அவரும் எல்லாவற்றையும் பாசி என்ற ஒரே சொல்லால்தான் வாங்கி வருகிறார்.

தமிழ்நாட்டுப் பாசிகளைத் தேடியவர்கள் பெரும்பாலும் மலைக்குத்தான் போயிருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் இருந்த சேசு சபைத் துறவி ஃபோரோ, பழனி மலைகளின் பாசிகளைப் பட்டியலாக்கி 1961இல் வெளியிட்டார். அது பெரிய உழைப்பு. மேகம் தவழும் சோலையில் மரம் முழுவதும் பாசி தொங்கும்போது அங்கே போவதுதான் இயல்பு. ஆனால் நம் மாவட்டங்களைப் பாருங்கள். பாறைக் கரடு, சரளைக் கொல்லை, மானாவாரி ராகி, சாமை, கொள்ளு, மாந்தோப்பு. வருடத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கும் மண். இதில் பாசி இருக்கிறது என்றால், அது மலைப் பாசியைவிடக் கடினமான வாழ்க்கை வாழ்கிறது. ராயக்கோட்டைக் கோட்டை மதிலிலும், தீர்த்தமலைப் படிக்கட்டின் நிழற்பக்கத்திலும், தொப்பூர்க் கணவாயின் மண் சரிவிலும், வத்தல்மலைக்கு ஏறும் சாலையோரத்திலும் எவையெவை வளர்கின்றன என்று அந்தந்த ஊர்க்காரர்கள் குனிந்து பார்த்தாலே ஒரு பெரிய பட்டியல் சேரும். பத்து மடங்குக் கண்ணாடி ஒன்று, காகித உறை கொஞ்சம், ஐப்பசி முதல் தை வரை சில ஞாயிற்றுக்கிழமைகள். மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

பெரியப்பா இந்த வருடம் தடத்துப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிப்பதாக இருந்தார். ஆளும் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை, அது அவருடைய நிலம், அவருடைய முழங்கால்கள். புல் வளர்ந்தால் பாம்பு தெரியாது என்ற பயமும் நியாயமானது. கார்த்திகையில் பார்த்த மண் தூண்களைப் பற்றி அவரே பேச்சை எடுத்தார். கடைசியில், தடத்தில் மருந்து வேண்டாம், அரிவாளால் அறுத்துவிடலாம் என்று ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். கிணற்றடியில் பெரியம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பதை நானும் ஆதரிக்கிறேன். அங்கே வழுக்குவது வேறு பாசி.

மாசி பிறந்ததும் வெயில் ஏறிவிட்டது. கடைசியாகப் போனபோது வட்டம் பழுப்பாகியிருந்தது. இலைகள் தண்டோடு ஒட்டிச் சுருங்கி, மண்ணுக்கும் பாசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. தொங்கட்டான்களின் மூடிகள் விழுந்து, வாய் திறந்திருந்தது. வாயைச் சுற்றி இரண்டு வரிசைப் பற்கள், வெளி வரிசையில் பதினாறு. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அசைந்து, வித்துத்தூளை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுபவை அவை. விரல் நுனியால் ஒரு காம்பைத் தட்டினேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொடி, வண்டித்தடத்தின் மேலாகக் கிணற்றுப் பக்கம் போயிற்று.

தீபாவளிக்கு எடுத்த உறை என் மேசையில் இருக்கிறது. முதல் வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருக்கிறேன்: பிரையம் கொரோனாட்டம். இரண்டாவது வரியில் எரித்த சாம்பல் மண் என்பதையும் அடித்திருக்கிறேன். அதற்குப் பதிலாக: மிதிபட்டு இறுகிய செம்மண், வண்டித்தடம், அருகம்புல்லின் அடியில். இடம் காட்டியவர்: பெரியப்பா.